பல் உடைந்தால்: உடைந்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள், வலியை வைத்து முடிவு செய்யாதீர்கள்

கேள்வி இதுதான்: வடசென்னை வியாசர்பாடியில் மைதானத்தில் பந்து ஆடும்போது எதிரே வந்த பையனின் தலை இடித்து, 9 வயது மகனுக்கு மேல்வரிசை முன்பல் பாதி உடைந்துவிட்டது. கொஞ்சம் ரத்தம் வந்து நின்றுவிட்டது. வலி இல்லை என்கிறான். "பால் பல்தானே, விழுந்து முளைக்கும், பரீட்சை முடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். இன்றே காட்டுங்கள், முடியாவிட்டால் நாளைக் காலை. 9 வயதில் மேல்வரிசை நடுப்பற்கள் இரண்டும் பால் பற்கள் அல்ல. அவை 7 வயதிலிருந்து 8 வயதுக்குள் முளைத்துவிட்ட நிரந்தரப் பற்கள். உடைந்தால் மறுபடி முளைக்காது. சந்தேகம் இருந்தால் பக்கத்துப் பல்லைப் பாருங்கள். பால் பல் சின்னதாக, பால் வெள்ளையாக, முனை மழுங்கி இருக்கும். நிரந்தரப் பல் அகலமாக, லேசான மஞ்சளாக இருக்கும். புதிதாக முளைத்ததென்றால் முனையில் ரம்பப் பல் போல மூன்று சின்ன மேடுகள் தெரியும்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் அதன் வேர் வளர்ந்து முடிய, முளைத்த பிறகு ஏறக்குறைய 3 ஆண்டுகள் ஆகும். உங்கள் மகனுடைய பல்லின் வேர் நுனி இப்போது பெரும்பாலும் திறந்துதான் இருக்கும். அந்த வேரை வளர்ப்பது பல்லுக்குள் இருக்கும் உயிர்த்தசை. நாம் எல்லோரும் 'நரம்பு' என்று சொல்வது அதைத்தான். உடைந்த வழியாகக் கிருமி உள்ளே போய் அது செத்துவிட்டால், வேர் பாதி வளர்ச்சியோடு நின்றுவிடும். சுவர் மெலிந்த அந்த வேர் பிற்காலத்தில் சின்ன அடிக்கே ஈறு ஓரமாக முறிந்துவிடும். பரீட்சை முடியும்வரை தள்ளிப்போட்டால் இந்த ஆபத்தைத்தான் ஏற்றுக்கொள்கிறீர்கள்.

பல்லுக்கு முன்னால் தலையைப் பாருங்கள். இடி வாங்கியபோது மயங்கினானா, பிறகு வாந்தி எடுத்தானா, தூங்கி வழிகிறானா, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல ஏதாவது வடிகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் பல் பிறகு. 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாயை மூடினால் பல்வரிசை முன்போலப் பொருந்தாவிட்டால், அல்லது வாயைத் திறக்க முடியாவிட்டால், தாடை எலும்பு முறிந்திருக்கலாம். அதற்கும் ஸ்டான்லிதான்.

இதெல்லாம் இல்லையென்றால், சாதாரணத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, செல்போன் டார்ச்சை அடித்து உடைந்த முகத்தைப் பாருங்கள். மூன்றில் ஒரு நிறம் தெரியும்.

வெறும் வெள்ளையாக இருந்தால் மேல் ஓடான எனாமல் மட்டும் போயிருக்கிறது. கூர்முனை நாக்கையும் உதட்டையும் கிழிக்கும், அவ்வளவுதான். ஓரிரு நாளில் போய்த் தேய்த்து மழுக்கிக்கொள்ளலாம்.

நடுவில் மஞ்சள் தெரிந்தால் உள் அடுக்கான டென்டின் வெளியே வந்திருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் உள்ளே நரம்புவரை ஓடுகின்றன. காற்று பட்டாலே கூசுவதும் அதனால்தான், கிருமி உள்ளே இறங்குவதும் அந்த வழியாகத்தான். இதை ஒரு நாளுக்குள் மூடிவிட வேண்டும். முழுச் சிகிச்சைக்கு நேரம் இல்லாவிட்டாலும், மருத்துவர் அன்றைக்குக் காயத்துக்குக் கட்டுப் போடுவது போல ஒரு சிமென்ட் வைத்து மூடினாலே பாதி ஆபத்து குறையும்.

மஞ்சளுக்கு நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால், துடைத்தும் அங்கே மறுபடி ரத்தம் துளிர்த்தால், நரம்பு திறந்துவிட்டது. 'கொஞ்சம் ரத்தம் வந்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஈறிலிருந்தா, உதட்டிலிருந்தா, இந்தப் புள்ளியிலிருந்தா என்று பாருங்கள். குச்சியாலோ ஊக்காலோ அதைக் குத்திப் பார்க்கவே கூடாது. வலி இல்லை என்பதை நம்ப வேண்டாம். அடிபட்ட அதிர்ச்சியில் நரம்பு சில நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில்கூட, உணர்வில்லாமல் இருக்கும். அமைதியாகச் செத்துக்கொண்டிருக்கும் நரம்பும் வலிக்காது.

சிவப்புப் புள்ளி என்றால் உடனே ரூட் கெனால் (நரம்பை முழுசாக எடுத்துவிட்டு வேருக்குள் அடைப்பது) என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வேர் வளராத பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியது வேறு: ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, நரம்பின் மேல்பகுதியில் சுமார் 2 மில்லிமீட்டர் மட்டும் எடுத்துவிட்டு, ஈரப் பஞ்சால் ரத்தத்தை நிறுத்தி, கால்சியம் ஹைட்ராக்சைடோ எம்.டி.ஏ. போன்ற சிமென்ட்டோ வைத்து, அதன் மேல் காம்போசிட் என்ற பல் நிற அடைப்புப் பொருளால் காற்றுப் புகாமல் மூடுவார்கள். உள்ளே இருக்கும் மீதி நரம்பு பிழைத்து, வேரை வளர்த்து முடிக்கும். ஓரிரு நாள் தாமதமானாலும் இது பலிக்கிறது. ஆனால் சீக்கிரம் போனால் நல்லது. மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "எக்ஸ்-ரேயில் வேர் முழுசா வளர்ந்திருக்கா? நரம்பைக் காப்பாத்த முடியுமா?" இதற்குப் பதில் சொல்லாமல் நேராக ரூட் கெனாலை ஆரம்பிப்பவரிடம் 9 வயதுப் பையனுக்கு அவசரப்பட வேண்டாம். குழந்தைகள் பல் மருத்துவரிடம் இன்னொரு கருத்துக் கேளுங்கள். பழைய சாம்பல் நிற எம்.டி.ஏ. வைத்தால் முன்பல் நாளடைவில் கறுத்துத் தெரியும். முன்பல்லுக்கு நிறம் மாற்றாத சிமென்ட் இருக்கிறதா என்று கேட்பதும் நியாயமான கேள்விதான்.

உடைந்த துண்டு கிடைத்ததா? கிடைத்தால் ஒரு சின்ன டப்பாவில் தண்ணீரோ பாலோ ஊற்றி, அதில் போட்டு எடுத்துப் போங்கள். பிசிர் இல்லாமல் பொருந்தினால் அதே துண்டை ஒட்டிவிடலாம். நிறமும் வடிவமும் அசலாக இருக்கும். எந்தக் காம்போசிட்டும் அந்த அளவுக்கு வராது. பாக்கெட்டில் கிடந்து காய்ந்த துண்டானாலும் தூக்கிப் போடாதீர்கள். 20 நிமிடமாவது தண்ணீரில் ஊறவைத்த பிறகு ஒட்டலாம். துண்டு கிடைக்கவில்லை, உதடும் கிழிந்து வீங்கியிருக்கிறது என்றால், துண்டு உதட்டுக்குள்ளேயே புதைந்திருக்கலாம். தையல் போடுவதற்கு முன் உதட்டுக்கு ஒரு எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லுங்கள். இதைப் பார்க்காமல் தைத்துவிட்டால் உள்ளே சீழ் வைக்கும். துண்டு வயிற்றுக்குள் போயிருந்தால் கவலையில்லை, வெளியே வந்துவிடும். ஆனால் விடாத இருமல், மூச்சில் விசில் சத்தம் இருந்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கலாம். அது அவசரம், நெஞ்சு எக்ஸ்-ரே எடுத்தாக வேண்டும்.

பல் உடைந்ததோடு ஆடவும் செய்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று விரலால் லேசாகத் தொட்டுப் பார்க்கலாம். ஆடினால் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்து ஒட்டுவார்கள். அடியின் தன்மையைப் பொறுத்து 2 முதல் 4 வாரம் அந்தக் கம்பி இருக்கும்.

அடுத்து, பல் வேரோடு பிடுங்கி வெளியே விழுந்துவிடுவது. உங்கள் கேள்வியில் இது இல்லை. ஆனால் பந்து ஆடும் பிள்ளைகளும் குத்துச்சண்டை பழகும் பிள்ளைகளும் இவ்வளவு பேர் இருக்கிற நம் பக்கத்தில், பயிற்சி கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் இது மனப்பாடமாக இருக்க வேண்டும். இங்கே நிமிடங்கள்தான் கணக்கு. வேரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வில் உயிரணுக்கள் இருக்கின்றன. பல் மறுபடி எலும்போடு பிடித்துக்கொள்வது அவற்றால்தான். காய்ந்த நிலையில் 15 நிமிடத்துக்குள் திரும்ப வைத்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கும். ஒரு மணி நேரம் காய்ந்தால் ஏறக்குறைய எல்லாம் செத்துவிடும்.

பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். வேரில் கை படக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ மெதுவாக ஒரு அலசு. இரண்டும் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் 10 விநாடி, அதற்கு மேல் வேண்டாம். தேய்ப்பது, சோப்பு, டெட்டால், மஞ்சள் எதுவும் கூடாது. பிறகு அங்கேயே அதன் குழியில் வைத்துவிடுங்கள். பள்ளமான பக்கம் நாக்கை நோக்கியும், மேடான பக்கம் உதட்டை நோக்கியும் இருக்க வேண்டும். விரலால் மெதுவாக அழுத்தினால் உள்ளே போய் உட்காரும். மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லி அப்படியே கிளம்புங்கள். பிள்ளை மயக்கத்தில் இருந்தால் மட்டும் வாயில் எதையும் வைக்க வேண்டாம்.

வைக்கக் கை வரவில்லை, பையன் அலறுகிறான் என்றால், பால். பக்கத்துக் கடையில் ஆவின் பாக்கெட் வாங்கி, பிரித்து, ஒரு டம்ளரில் ஊற்றி, பல்லை அதில் போடுங்கள். எந்த நிறப் பாக்கெட்டானாலும் பரவாயில்லை. காய்ச்சாத, குளிர்ந்த பாலாக இருக்க வேண்டும். டீக்கடைப் பாத்திரத்தில் கொதிக்கும் பால் அந்த உயிரணுக்களை வேகவைத்துவிடும். தயிர், மோர் கூடாது. பால் கிடைக்காவிட்டால் மெடிக்கலில் நார்மல் சலைன் பாட்டில் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் பிள்ளையையே எச்சில் துப்பச் சொல்லி, ஒரு டப்பாவில் அந்த எச்சிலில் போட்டு வையுங்கள். வெறும் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. உப்பில்லாத தண்ணீர் உயிரணுக்களுக்குள் ஏறி அவற்றை வெடிக்கவைத்துவிடும். (உடைந்த துண்டுக்குத் தண்ணீர் போதும் என்று மேலே சொன்னேன். துண்டில் காப்பாற்ற வேண்டிய வேர்ச்சவ்வு இல்லை, அதனால்தான்.) அதிகம் நடக்கும் தவறு, பல்லை டிஷ்யூ பேப்பரிலோ பஞ்சிலோ பத்திரமாகச் சுற்றி எடுத்து வருவது. அது இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

மருத்துவர் பல்லைச் சரியாக உட்காரவைத்து, வளையும் கம்பியால் சுமார் 2 வாரம் கட்டுவார். மண்ணில் விழுந்த பல் என்பதால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார். தடுப்பூசி அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள். வேர் வளர்ந்து முடிந்தவர்களுக்கு 2 வாரத்துக்குள் ரூட் கெனால் தொடங்க வேண்டும். வேர் நுனி திறந்திருக்கும் பிள்ளைகளுக்கு நரம்பு தானாகவே மறுபடி உயிர் பெற வாய்ப்பு உண்டு. அதனால் பொறுத்திருந்து பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது என்று பல்லை எறிந்துவிடாதீர்கள். நாளடைவில் அதன் வேர் கரைந்து போகலாம். ஆனாலும் சில ஆண்டுகளாவது இடத்தையும் தாடை எலும்பையும் காத்துக் கொடுக்கும். வளரும் பிள்ளைக்கு அதுவே பெரிய விஷயம், இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) போட வளர்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால்.

விழுந்தது பால் பல் என்றால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது. கீழே காத்திருக்கும் நிரந்தரப் பல்லின் முளையை அது காயப்படுத்திவிடும்.

பெரியவர்களுக்குக் கடைவாய்ப் பல் உடைவது வேறு கதை. அடி பட்டு உடைவது குறைவு. காசிமேட்டு நண்டின் காலைக் கடித்தோ, நல்லி எலும்பிலோ, சீடையிலோ, கொட்டைப்பாக்கிலோ, சோற்றுக் கல்லிலோ உடைந்ததாகச் சொல்வார்கள். உண்மையில் அந்தப் பல் ஏற்கனவே பலவீனப்பட்டிருக்கும். உள்ளே சொத்தை, அல்லது பெரிய பழைய சிமென்ட், அல்லது ரூட் கெனால் செய்துவிட்டுக் கேப் போடாமல் விட்ட பல். கடைசியில் சொன்னது அடிக்கடி நடப்பது. ரூட் கெனாலோடு வலி போய்விடுகிறது, "அப்புறம் கேப் எதுக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே குடைந்ததில் சுவர் மெலிந்த கடைவாய்ப் பல், மெல்லும் விசையில் நடுவாகப் பிளக்கும். பிளவு வேருக்குள் இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. ஒரு கேப்பில் காப்பாற்றியிருக்கக்கூடிய பல் அது.

உடைந்த கடைவாய்ப் பல்லைக் காப்பாற்ற முடியுமா என்பதை, ஈறுக்கு மேலே மிஞ்சியிருக்கும் நல்ல பல்லின் உயரம்தான் தீர்மானிக்கும். சுற்றிலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இருந்தால் கேப் பிடித்து நிற்கும். அதற்குக் குறைந்தால் உள்ளே எவ்வளவு கம்பி வைத்துக் கட்டினாலும் கழன்றுகொண்டே இருக்கும். ஒரு முனை மட்டும் பெயர்ந்து, நரம்பு திறக்காமல் இருந்தால் காம்போசிட்டோ, பாதிக் கேப்போ போதும். உடையாமல் கீறல் மட்டும் விட்ட பல்லுக்கு ஓர் அடையாளம் உண்டு. எப்போதும் வலிக்காது, கெட்டியாக எதையாவது கடித்து, கடியை விடும் நொடியில் சுரீரென்று குத்தும். எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது. இந்த நிலையிலேயே போனால் கேப் போட்டு நிறுத்திவிடலாம். கேப் கழன்று விழுந்தால் அதை எடுத்து வைத்துக் கொண்டுபோங்கள், பல நேரம் அதையே திரும்ப ஒட்ட முடியும். பசை வாங்கி நீங்களே ஒட்டாதீர்கள்.

பசை என்றதும் ஞாபகம் வருவது, உடைந்த துண்டை ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள். அந்தப் பசை நரம்புக்கும் ஈறுக்கும் கேடு. பசை படிந்த துண்டை அதன் பிறகு சரியாகப் பொருத்தவும் முடியாது. கிராம்புத் தைலத்தையும் உடைந்த முன்பல்லில் வைக்காதீர்கள். அதில் இருக்கும் யூஜினால் என்ற பொருள் காம்போசிட்டைச் சரியாக இறுகவிடாது. ஒட்டிய துண்டு சீக்கிரம் பெயர்ந்துவிடும். சொத்தைக் குழி வலிக்குப் பஞ்சில் ஒரு சொட்டு வைப்பது வேறு விஷயம், அதுவும் ஈறில் பட்டால் புண்ணாகும். வலிக்கிற இடத்தில் மாத்திரையைப் பொடித்து அடக்கிக்கொள்வதும் ஈறை வேகவைக்கும்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 650 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒன்று. பிள்ளைகளுக்கு எடைக் கணக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம். 25 கிலோ பையனுக்கு 375 மில்லிகிராம். அதாவது 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்று அச்சிட்ட சிரப்பில் 7.5 மில்லி. அதே சிரப் பாதி வலுவிலும் விற்கிறது, பாட்டிலைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் வேண்டாம். பெரியவர்கள் சாப்பிட்ட பிறகு ஐபுபுரூஃபன் 400 எடுக்கலாம். ஆனால் அல்சர், கிட்னிப் பிரச்சினை, ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தொடக் கூடாது. மழைக்காலத்தில் காய்ச்சலும் இருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை யாருமே ஐபுபுரூஃபன் எடுக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரையைப் பல்லுக்காக நீங்களாக நிறுத்தவும் கூடாது. மெடிக்கலில் செட் போட்டுத் தரும் மாத்திரைகளில் ஆன்டிபயாடிக் இருக்கும். வெறுமனே உடைந்த பல்லுக்கு அது தேவையில்லை. வீக்கத்துக்கு வெளியிலிருந்து துணியில் சுற்றிய ஐஸ், 10 நிமிடம் வைத்து எடுங்கள். உடைந்து சில நாள் கழித்துக் கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். வீக்கம் தாடைக்கு அடியில் பரவி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் அது உயிருக்கே ஆபத்து, நடு இரவானாலும் ஸ்டான்லி.

எங்கே போவது? இரவில், அல்லது உதட்டுக் கிழிசல், தாடை அடி, தலை அடி என்றால் ஸ்டான்லியில் அவசரப் பிரிவு எப்போதும் உண்டு. பகலில் பல்லுக்கு மட்டும் என்றால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கடற்கரை–தாம்பரம் ரயிலில் கோட்டையில் இறங்கினால் போதும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து மெட்ரோவில் வருகிறவர்கள் சென்ட்ரலில் இறங்கி ஆட்டோவில் போய்விடலாம். அங்கே குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, உங்கள் மகனுக்கு அதுதான் பொருத்தம். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். ஆனால் பல் வேரோடு விழுந்திருந்தால் வரிசையில் நிற்க நேரமில்லை, தெருமுனையில் இருக்கும் பி.டி.எஸ். படித்த எந்த மருத்துவரும் முதலில் பல்லை உட்காரவைத்துக் கட்டிவிட முடியும். படிப்பும் பதிவு எண்ணும் இல்லாமல் 'ஒரே நாளில் பல் கட்டப்படும்' என்று பலகை வைத்திருக்கும் இடங்களில் மட்டும் உட்காராதீர்கள். உடைந்த வேரை உள்ளேயே விட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டிவிடுவார்கள். சில மாதத்தில் நல்ல பற்களும் ஆட ஆரம்பிக்கும்.

மகனை வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள், இட்லி, இடியாப்பம் என்று மெதுவாக எதையாவது கொடுத்துவிட்டுப் போங்கள். பசியோடு ஊசி போட்டால் பிள்ளைகளுக்குத் தலைசுற்றும். சிகிச்சை முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. நரம்பு திறக்காமல் மஞ்சள் மட்டும் தெரிந்த பல்லுக்கு 6 முதல் 8 வாரத்தில் ஒரு தடவையும், ஓர் ஆண்டில் ஒரு தடவையும் எக்ஸ்-ரேயும் நரம்புச் சோதனையும் வேண்டும். நரம்பு திறந்திருந்தால் இடையில் 3-ஆம் மாதமும் 6-ஆம் மாதமும் சேரும். நடுவில் பல் சாம்பல் நிறமானாலோ, ஈறில் பரு போல எழும்பினாலோ நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒட்டிய துண்டால் கொய்யா, கரும்பு, எலும்பு கடிக்கக் கூடாது, பின்பற்களில் மெல்லட்டும். பந்து ஆட மறுபடி போகும்போது வாய்க்காப்பு போட்டுக்கொள்ளட்டும். குத்துச்சண்டையில் அது கட்டாயம் என்பதால் அந்தப் பிள்ளைகள் தப்பிக்கிறார்கள். பந்தாட்டப் பிள்ளைகளிடம் யாரும் கேட்பதில்லை. விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும், வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கும் வகையே தொடக்கத்துக்குப் போதும். ஆனால் 9 வயதில் புதுப் பற்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். இன்று பதித்தது சில மாதத்தில் பொருந்தாமல் போகும். இறுகிப் பிடிக்காமல் வாயில் ஆட ஆரம்பித்ததும் புதிதாக ஒன்று பதித்துக் கொடுங்கள்.